மோட்டார் எஞ்சினில் பற்றவைப்பு நேரச் சமிக்ஞை: பழுதறியும் முறை

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குத் தக்க அளவில் கலந்த காற்றும் எரிபொருளும், போதிய அமுக்கம், வலுவான தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். இம்மூன்றும் குறைவின்றி இருந்தும் எஞ்சின் ஓடாமற் போவதுண்டு. நான்காவதாக வேண்டப்படுவது நேரம். தீப்பொறி தோன்றினால் மட்டும் போதாது. அது உரிய சிலிண்டரில், உரிய கணத்தில் தோன்றுதல் வேண்டும். அக்கணத்தை அறிவிக்கும் மின் சமிக்ஞை எவ்வாறு பிறக்கிறது, அது எங்கெங்குப் பழுதடையும், அப்பழுதை எந்த வரிசையில் தேடுவது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இது ஒர்க்ஷாப்புத் தொழிலாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. மலைப்பாதையில் இறங்கிக் கொண்டிருக்கும் வண்டியில் இச்சமிக்ஞை அற்றுப்போனால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். ஸ்டியரிங்குக்குத் துணை செய்யும் விசையும் பெரும்பாலான வண்டிகளில் உடன் நின்று, சக்கரத்தைத் திருப்புவது கடினமாகிவிடும். ஆகவே களப்பணிக்கு வண்டி செலுத்துவோரும், தொழிற்பயிற்சி நிலையங்களில் போதிப்போரும் இதனை ஐயமற அறிந்திருத்தல் நலம்.

நேரம் ஏன் முன்கூட்டி அமைய வேண்டும்?

தீப்பொறி தோன்றிய உடனே சிலிண்டரிலுள்ள கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. சுடர் பரவி அமுக்கம் உச்சநிலையை அடையச் சுமார் 2 மில்லி விநாடி ஆகும் எனக் கொள்வோம். பிஸ்டன் மேல் நிலையைக் கடந்து, கிராங்க் தண்டு 10 முதல் 15 பாகை திரும்பிய அளவில் அமுக்கம் உச்சத்தில் இருந்தால்தான் மிகுதியான வேலை கிடைக்கும். எனவே பிஸ்டன் மேல் நிலையை அடையும் முன்னரே தீப்பொறி தோன்றியாக வேண்டும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று சுழலும்போது கிராங்க் தண்டு ஒரு மில்லி விநாடியில் 3.6 பாகை திரும்புகிறது. 3,000 சுற்றில் அதே நேரத்தில் 18 பாகை திரும்புகிறது. ஆகவே 2 மில்லி விநாடியில் அது 36 பாகை கடந்துவிடும். உச்ச அமுக்கம் மேல் நிலைக்குப் பின் 14 பாகையில் அமைய வேண்டுமாயின், தீப்பொறி மேல் நிலைக்கு 22 பாகை முன்னதாகத் தோன்ற வேண்டும். எரியும் வேகம் சுமையையும் கலவையையும் பொறுத்து மாறுவதால் நடைமுறைக் கணக்கு இத்துணை எளிதன்று. எனினும் வேகம் கூடக்கூட நேரத்தை முன்தள்ள வேண்டும் என்ற உண்மை இதனால் தெளிவாகும்.

நேரம் அளவுக்கு மிஞ்சி முந்தினால் எஞ்சினில் 'டக் டக்' என்னும் தட்டல் ஓசை கேட்கும்; அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் உடையவும் கூடும். நேரம் பிந்தினால் வண்டிக்கு இழுப்புக் குறையும், எஞ்சின் சூடேறும், பெட்ரோல் வீணாகும்.

சமிக்ஞை பிறக்கும் இடம்

பழைய வண்டிகளில் இவ்வேலையை 'பாயிண்ட்' எனப்படும் தொடு முனைகள் செய்தன. அமெரிக்கப் பொறியியலறிஞர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த பாட்டரிப் பற்றவைப்பு முறை இதன் மூலமாகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் குமிழ் தொடு முனைகளைப் பிரிக்கும்போது, காயிலின் முதற்சுற்றில் ஓடிய மின்னோட்டம் அறுபடுகிறது. இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் தீப்பொறி தோன்றுகிறது. முனைகள் பிரியும் கணமே இங்குச் சமிக்ஞையாகும். முனைகளின் இடைவெளி கூடினால் நேரம் முந்தும், குறைந்தால் பிந்தும். குமிழின்மீது உராயும் பகுதி நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறைந்து நேரம் பிந்திக் கொண்டே வரும். இதுவே பழைய வண்டிகளை அடிக்கடி 'டியூன்' செய்ய வேண்டியிருந்ததன் காரணம்.

நாடெங்கும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 புகை விதிகளுக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களில் தொடு முனைகளைக் காண இயலாது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று நேரத்தைக் கணக்கிட்டுக் காயிலுக்கு ஆணையிடுகிறது. அப்பெட்டிக்குக் கண்ணாக அமைவது கிராங்க் தண்டின் நிலையறியும் உணர்வி; ஒர்க்ஷாப்பில் இதனைக் 'கிராங்க் சென்சார்' என்பர். இது இரு வகைப்படும்.

முதல் வகை காந்தச் சுருள் உணர்வி. நிலைக் காந்தம் ஒன்றும், அதைச் சூழ்ந்த கம்பிச் சுருளும் இதில் உள்ளன. கிராங்க் தண்டோடு சுழலும் இரும்புப் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் இதனைக் கடக்கும்போது காந்தப் பாயம் மாறுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதிப்படி சுருளில் மாறுதிசை மின்னழுத்தம் எழுகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. இரு கம்பிகளே போதும். சிலவற்றில் உள்ள மூன்றாவது கம்பி, இரைச்சலைத் தடுக்கும் கவசத்துக்குரியது.

இரண்டாம் வகை ஹால் உணர்வி. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. இதற்கு 5 அல்லது 12 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். மின்னூட்டம், தரை, சமிக்ஞை என மூன்று கம்பிகள் உண்டு. இது தரும் சமிக்ஞை சதுர வடிவானது: ஒன்று மேல் நிலை, இன்றேல் ஏறத்தாழச் சுழி. எஞ்சின் எவ்வளவு மெதுவாகத் திரும்பினும் இச்சமிக்ஞையின் உயரம் குறைவதில்லை. காந்தச் சுருளிலோ வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். இவ்வேறுபாடு பழுதறிதலில் பெரிதும் பயன்படும்.

பற்சக்கரம் சொல்லும் செய்தி

பல கார்களில் காணப்படும் பற்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் வகுத்து, அவற்றுள் அடுத்தடுத்த 2 பற்களை நீக்கி, 58 பற்களையே வைத்திருப்பர். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 6 பாகை. பல் இல்லாத இடைவெளி, சுற்றின் தொடக்கத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும் அடையாளமாகும். அங்கிருந்து பற்களை எண்ணிப் பிஸ்டன் நிற்கும் இடத்தை அது அறிகிறது.

இதில் ஒரு வசதியும் உண்டு. 60 இடங்கள் கொண்ட சக்கரத்தில், நிமிஷத்துக்கு எத்தனை சுற்றோ, விநாடிக்கு ஏறத்தாழ அத்தனை துடிப்புகள் எழும். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை 200 சுற்றில் திருப்பினால், 2 பற்கள் இல்லாமையைக் கழித்து, விநாடிக்குச் சுமார் 193 துடிப்புகள் வர வேண்டும். அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் கையிலிருந்தால், இந்த ஒரு கணக்கைக் கொண்டே சமிக்ஞை ஒழுங்காக வருகிறதா என்பதை ஓரளவு கண்டுவிடலாம்.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி முடியக் கிராங்க் தண்டு இருமுறை சுற்ற வேண்டும். ஆகவே பிஸ்டன் மேலே இருப்பது அமுக்க வீச்சின் முடிவிலா, கழிவு வீச்சின் முடிவிலா என்பதைக் கிராங்க் உணர்வியால் மட்டும் கூற இயலாது. அதனைக் காம் தண்டின் உணர்வி தெரிவிக்கிறது. இவ்விரண்டும் ஒத்துப் பேசினால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஆணை செல்லும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. எனினும் தற்கால டீசல் வண்டிகளில் எரிபொருள் பீச்சும் நேரத்தை நிர்ணயிப்பது இதே கிராங்க் உணர்வியாதலால், கீழே கூறும் முறைகளுட் பல அவற்றுக்கும் பொருந்தும்.

குறியிலிருந்து காரணத்துக்கு

பழுதறிதலில் முதற்படி, குறை எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதா, ஒன்றுக்கு மட்டும் உரியதா எனப் பிரித்தறிதல். பொதுவான குறைக்குப் பொதுவான இடத்திலேயே காரணம் இருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் தீப்பொறி இல்லையெனில் கிராங்க் உணர்வியைக் குற்றங்கூறுதல் முறையன்று. அச்சிலிண்டரின் பிளக்கு, காயில், அதற்குச் செல்லும் கம்பி ஆகியவற்றையே ஆராய வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் தீப்பொறியும் எரிபொருள் பீச்சலும் சேர்ந்தே நின்றுவிட்டால் கிராங்க் சமிக்ஞையை ஐயுறலாம். ஆனால் திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டு அமைப்பும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தவல்லது. ஆகவே சாவி விளக்கு மின்னிக் கொண்டிருக்கிறதா என்பதை முதலில் நோக்குக.

கீழ்வரும் குறிகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. ஸ்டார்ட்டர் திருப்பும்போது சுற்றளவுமானியின் முள் சிறிதும் அசையாதிருத்தல். சூடேறியதும் எஞ்சின் நின்று, ஆறியபின் தானே கிளம்புதல். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தடுமாறுதல். குழிகளில் ஏறி இறங்கும்போது ஒரு கணம் அணைந்து மீளுதல். முதற் குறி சமிக்ஞை அறவே இன்மையையும், இரண்டாவது வெப்பத்தால் சுருளில் ஏற்படும் முறிவையும், மூன்றாவது இடைவெளி அல்லது பற்சக்கரத்தின் குறையையும், நான்காவது இணைப்பின் தளர்ச்சியையும் பெரும்பாலும் சுட்டும்.

முன்னெச்சரிக்கை

காயிலின் இரண்டாம் சுற்றில் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை எழும். எஞ்சின் ஓடும்போது பிளக்குக் கம்பியைக் கையால் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அது ஆளுக்கும் ஆபத்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கேடு. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர் இப்பரிசோதனைகளில் ஈடுபடலாகாது. கைப்பிரேக்கைப் போட்டு, கியரை நடுநிலையில் வைத்து, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை இடுக. தீப்பொறியைச் சோதிக்கும் முன் எரிபொருள் பீச்சிகளின் இணைப்பைக் கழற்றிவிடுக. பற்றாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டியில் சேர்ந்து எரிந்தால் அது பழுத்துச் சிவக்கும். வனப்பகுதியில் பணிபுரிவோர், எஞ்சின் தடுமாறும் வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தலாகாது.

பரிசோதனை வரிசை

1. பாட்டரி. ஸ்டார்ட்டர் திருப்பும்போது பாட்டரி முனைகளில் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டியே மயங்கக்கூடும். சுழற்சி மந்தமாவதால் காந்தச் சுருளின் சமிக்ஞையும் நலியும். பாட்டரியைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு செய்யும் பரிசோதனை பயன்படாது.

2. குறியெண். வண்டியின் 16 முனைச் செருகுவாயில் ஸ்கேனரை இணைத்துச் சேமித்த குறியெண்களைக் குறித்துக் கொள்க. பி 0335 கிராங்க் உணர்வியின் மின்சுற்றையும், பி 0336 அதன் சமிக்ஞை ஒழுங்கின்மையையும், பி 0340 காம் உணர்வியின் மின்சுற்றையும், பி 0016 கிராங்கும் காமும் ஒத்துவராமையையும், பி 0351 முதலியவை காயில்களின் சுற்றையும் குறிக்கும். குறியெண் சுட்டுவது மின்சுற்றையே. அதிலுள்ள ஒரு பொருளையன்று. 'பி 0335 வந்தது, ஆகவே சென்சாரை மாற்று' என்பது அவசர முடிவு. கம்பி, இணைப்பு, பற்சக்கரம் ஆகிய எதுவும் காரணமாகலாம்.

3. சுழற்சியளவு. ஸ்டார்ட்டரைத் திருப்பிக்கொண்டே ஸ்கேனரில் எஞ்சின் வேகத்தைப் பார்க்க. 150 முதல் 300 வரை காட்டினால் கிராங்க் சமிக்ஞை பெட்டியைச் சென்றடைகிறது எனப் பொருள். சுழி காட்டினால் அடுத்த படிக்குச் செல்க.

4. கண்ணால் காணல். இணைப்பியைக் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்பு, ஈரம், வளைவு உண்டா என நோக்குக. கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றும், வெள்ளம் சூழ்ந்த நகரங்களில் சேற்றுநீரும் இணைப்புகளை அரிக்கும். நிறுத்தி வைத்த வண்டிகளில் எலி கடித்த கம்பியும் அரிதன்று. உணர்வியை வெளியே எடுத்து முனையைத் துடைத்துப் பார்க்க; அது காந்தமாதலின் இரும்புத் துகள்கள் அடர்ந்து ஒட்டியிருந்தால் சமிக்ஞை சிதையும்.

5. மின்தடை. இது காந்தச் சுருள் வகைக்கு மட்டுமே உரியது. பொதுவாகச் சில நூறு ஓம் முதல் சுமார் ஆயிரம் ஓம் வரை இருக்கும். வண்டிக்குரிய கைந்நூலின் அளவே முடிவானது. எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்தது. மிகக் குறைந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஒவ்வொரு முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே தொடர்ச்சி இருத்தலாகாது. ஹால் உணர்வியை ஓம் அளவியால் சோதிக்கலாகாது. அளவு பொருளற்றதாகும், உணர்விக்கும் ஊறு நேரலாம்.

6. மின்னழுத்தம். காந்தச் சுருளாயின், மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து ஸ்டார்ட்டரைத் திருப்பினால் ஏறத்தாழ அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். ஹால் வகையாயின், இணைப்பியைக் கழற்றிச் சாவியைப் போட்டு, ஊட்டக் கம்பியில் 5 அல்லது 12 வோல்ட்டும், தரைக் கம்பியில் சரியான தொடர்ச்சியும் உண்டா எனப் பார்க்க. பின்னர் மீண்டும் இணைத்து, காயில்களையும் பீச்சிகளையும் துண்டித்துவிட்டு, கிராங்க் தண்டை ஸ்பானரால் மெல்லத் திருப்புக. சமிக்ஞைக் கம்பியில் அளவு மேலும் கீழுமாகத் தாவ வேண்டும். கீழ் நிலை சுழிக்கு அருகில் வராவிட்டால் தரைக் கம்பியே குற்றவாளி.

7. பெட்டி வரை தொடர்ச்சி. இதே அளவுகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பியிலும் எடுக்க. உணர்வியின் முனையில் சரியாயிருந்து, பெட்டியின் முனையில் இல்லையெனில் இடையிலுள்ள கம்பியில் பழுது. அளந்துகொண்டே கம்பிக் கற்றையை அசைத்துப் பார்த்தல் நன்று.

8. காயிலுக்குச் செல்லும் ஆணை. உணர்விகள் இரண்டும் சரியாயிருந்து தீப்பொறி மட்டும் இல்லையெனில், காயிலின் ஆணைக் கம்பியில் சிறு மின்னணு விளக்கை இணைத்து ஸ்டார்ட்டரைத் திருப்புக. விளக்கு மினுக்கினால் ஆணை வருகிறது. காயிலையும் அதன் ஊட்டத்தையும் ஆராய்க. மினுக்காவிட்டால் பெட்டியையும் அதற்குரிய கம்பியையும் ஆராய்க. சாதாரணக் குமிழ் விளக்கை இங்குப் பயன்படுத்தலாகாது. அது இழுக்கும் மின்னோட்டம் பெட்டியைக் கெடுக்கும்.

அலைகாட்டி உள்ள நிலையங்களில் ஆறாம் படியை அதனால் செய்தல் சிறப்பு. ஓர் அலை மட்டும் குட்டையாயிருந்தால் அப்பல் முறிந்தது. அலைகளின் உயரம் ஒரு சுற்றில் ஏறி இறங்கினால் பற்சக்கரம் கோணியது. எல்லா அலைகளும் குட்டையாயிருந்தால் உணர்விக்கும் பல்லுக்கும் இடைவெளி மிகுந்தது. அவ்விடைவெளி பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லி மீட்டர் வரை இருக்கும்.

மயக்கும் பழுதுகள்

சில பழுதுகள் நல்ல அளவுகளைக் காட்டி ஏமாற்றும். சூடேறி நின்ற வண்டியை ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வருவதற்குள் அது ஆறிவிடும். மின்தடை சரியாகவே காட்டும். உணர்வியைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் படாதவாறு நெகிழிப் பையிலிட்டோ, சுடுகாற்றுக் கருவியாலோ சிறிது சிறிதாகச் சூடேற்றிக் கொண்டே அளக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறத் தடை சிறிது கூடுதல் செம்பின் இயல்பு. திடீரென எல்லையற்றதாகத் தாவினால் முறிவு உறுதி.

காந்தச் சுருளின் இரு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டால் மின்தடையும் வோல்ட்டும் மாறா. ஆயினும் அலை தலைகீழாவதால் பல்லில்லா இடைவெளியைப் பெட்டி தவறாக உணரும். எஞ்சின் கிளம்ப மறுக்கலாம், அல்லது தடுமாறலாம். கம்பிக் கற்றையைப் பழுதுபார்த்த பின்னர் தோன்றிய குறையாயின் இதனை முதலில் ஐயுறுக.

டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவினால் நேர்வது யாது? காம் கப்பியில் 40 பற்கள் எனக் கொண்டால், ஒரு பல் காம் தண்டில் 9 பாகை. கிராங்கில் 18 பாகை. காம் தண்டால் இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய எஞ்சினில் தீப்பொறி நேரமும் 18 பாகை தவறும். கிராங்க் உணர்வி உள்ள எஞ்சினிலோ தீப்பொறி நேரம் கிராங்கையே பின்பற்றும். வால்வு நேரமே தவறும். பி 0016 தோன்றும். இக்குறியெண்ணைக் கண்டு உணர்விகளை மாற்றிக் கொண்டிருந்தால் பணம் வீணாவதோடு, பெல்ட் மேலும் நழுவிப் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதவும் நேரிடும்.

டைமிங் விளக்கைக் கொண்டு கப்பியின் குறியை நோக்கும்போதும் எச்சரிக்கை தேவை. கப்பியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்குமாயின், அது நழுவிக் குறியே இடம் மாறியிருக்கலாம். முதற் சிலிண்டரின் பிஸ்டன் மேல் நிலையில் இருக்கும்போது குறி பொருந்துகிறதா எனச் சரிபார்த்த பின்னரே விளக்கை நம்புக. அவ்விளக்கொளியில் சுழலும் கப்பி நிற்பது போலத் தோன்றும். அதை நம்பிக் கைநீட்டி விரலிழக்கலாகாது.

வகுப்பறைப் பரிசோதனை

ஆசிரியர்கள் இவ்விதியைச் சிறு செலவில் காட்டலாம். இரும்புப் போல்ட் ஒன்றின்மீது மெல்லிய எனாமல் செம்புக் கம்பியை 500 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுக. போல்ட்டின் தலைப்புறம் ஒரு காந்தத்தை ஒட்டுக. கம்பியின் இரு முனைகளையும் மல்டிமீட்டரின் மாறுதிசை மில்லி வோல்ட் அளவில் இணைக்க. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலோடு இணைந்த இரும்புப் பற்சக்கரத்தின் பற்களுக்கு ஒரு மில்லி மீட்டர் அருகே போல்ட்டின் மறுமுனையை உறுதியாகப் பிடித்துப் பெடலைச் சுழற்றுக. வேகம் கூடினால் அளவு கூடுவதையும், இடைவெளி கூடினால் குறைவதையும் மாணவர் தாமே காண்பர். காந்தத்தை நீக்கிவிட்டு மீண்டும் சுழற்றச் செய்து, அளவு வீழ்ந்துபோவதன் காரணத்தை அவர்களையே கூறச் சொல்க.

தொகுப்புரை

பொதுக் குறையைத் தனிக் குறையினின்று பிரித்தல், பாட்டரியில் தொடங்குதல், குறியெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாது துப்பாகக் கொள்ளுதல், உணர்வியின் வகையறிந்து அதற்குரிய அளவியைப் பயன்படுத்துதல், உணர்வியின் முனையிலும் பெட்டியின் முனையிலும் அளந்து ஒப்பிடுதல் ஆகிய ஐந்தும் இப்பாடத்தின் சாரமாகும். அளந்து அறியாத எப்பொருளையும் மாற்றுவதில்லை என்ற உறுதி பொதுப்பணத்தைக் காக்கும். வழியில் வண்டி நிற்பதையும் தடுக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுழலும்போது கிராங்க் தண்டு ஒரு மில்லி விநாடியில் எத்தனை பாகை திரும்பும்?

2. நான்கு சிலிண்டர் வண்டியொன்றில் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் தீப்பொறி இல்லை. கிராங்க் உணர்வியை மாற்றலாமா? காரணம் கூறுக.

3. கிராங்க் தண்டை ஸ்பானரால் மெல்லத் திருப்பும்போது காந்தச் சுருள் உணர்வியில் வோல்ட் காணப்படவில்லை. அது பழுதடைந்தது எனக் கொள்ளலாமா?

4. குளிர்ந்த நிலையில் 850 ஓம் காட்டும் உணர்வி, சூடேறியதும் எல்லையற்ற தடை காட்டுகிறது. ஓட்டுநர் கூறும் குறை எவ்வாறு இருக்கும்?

விடைகள்: 1. ஒன்பது பாகை. 2. கூடாது, மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் சமிக்ஞை சென்றிருப்பதால் உணர்வி நன்றாக உள்ளது. 3. கொள்ளலாகாது, வேகம் மிகக் குறைந்ததால் மின்னழுத்தமும் மிகக் குறைந்தது. ஸ்டார்ட்டரால் திருப்பி அளக்க வேண்டும். 4. சிறிது தூரம் ஓடியபின் வண்டி நின்றுவிடுகிறது, ஆறியபின் கிளம்புகிறது என்பார்.